ஹெபடைட்டிஸ் சி: மறைக்க வேண்டிய நோய் அல்ல

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முகாமில் நாம் கொடுக்கும் ரத்தத்தை ரத்த வங்கியில் ஐந்து நோய்களுக்குச் சோதிப்பார்கள். அதில் ஒன்று ஹெபடைட்டிஸ் சி. "ஒரு சந்தேகம் இருக்கிறது, வந்து பாருங்கள்" என்று போன் வந்தால் சிலர் போவதே இல்லை. ஓசூர்க் கம்பெனி வேலை போய்விடுமோ, யாரும் பெண் கொடுக்க மாட்டார்களோ என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்கத்தான் இந்த நாலு வார்த்தை.

இந்தக் கிருமி 1989-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ரத்தத்தின் வழியே பரவும். சுத்தமில்லாத ஊசி, சோதிக்காமல் ஏற்றிய ரத்தம், பச்சை குத்தும் ஊசி, ஒருவர் பயன்படுத்திய பிளேடு இவையெல்லாம் வழிகள். ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. உள்ளே வந்தபின் இருபது வருடம்கூடச் சத்தம் போடாமல் இருக்கும். கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்த பிறகே பலருக்குத் தெரியவரும்.

முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசிதான். ஆறு மாதம், ஒரு வருடம் என்று போட வேண்டும். காய்ச்சல், மனச்சோர்வு எல்லாம் வரும். அப்படியும் பலருக்குக் குணமாகவில்லை. 2013-ல் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்தது. ஒரு மாத்திரை 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர்! 2014-ல் இந்திய மருந்துக் கம்பெனிகளுக்கு உரிமம் கிடைத்தது. விலை மளமளவென்று இறங்கியது. 2018 ஜூலை 28-ல் மத்திய அரசு தேசியத் திட்டம் தொடங்கி, சோதனையும் மாத்திரையும் இலவசம் என்று அறிவித்தது.

கல்லீரல் சுருங்காதவர்களுக்கு சோஃபோஸ்புவிரும் டக்லடாஸ்விரும் 12 வாரம். சுருங்கியவர்களுக்கு டக்லடாஸ்விருக்குப் பதில் வெல்படாஸ்விர். நிலைமை முற்றியிருந்தால் ரிபாவிரினும் சேரும், அல்லது 24 வாரம் ஆகும். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள்.

"கீழாநெல்லி போதாதா?" என்று கேட்பீர்கள். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதைப் பற்றி லான்செட் இதழில் எழுதியது உண்மைதான். ஆனால் அது 'பி' வகைக்கு. பின்னால் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. 'சி'க்கு மாத்திரைதான்.

நாலு விஷயத்தை நினைவில் வையுங்கள். முதல் சோதனையில் 'பாசிட்டிவ்' என்றால் நோய் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். சிலருக்குக் கிருமி தானாகவே போயிருக்கும். ஆர்.என்.ஏ. சோதனைதான் முடிவு சொல்லும். மாத்திரை தொடங்கும் முன் 'பி' சோதனையும் செய்யுங்கள். சாப்பிடும் மற்ற மருந்துகளை டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து மறுபடி சோதித்துக் குணத்தை உறுதி செய்யுங்கள். குணமானாலும் கவனக்குறைவாக இருந்தால் மறுபடி தொற்றும். இதற்குத் தடுப்பூசி கிடையாது. குடியை அறவே விடுங்கள்.

ஆகவே, போன் வந்தால் ஓடி ஒளியாதீர்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள். பயந்து வீட்டில் இருப்பவருக்குத்தான் ஆபத்து. சோதித்துக்கொள்பவருக்கு வழி இருக்கிறது.