நோயைச் சொல்லும் மொழி



மருத்துவத்தைப் பற்றிப் பேச மொழியியலாளனுக்கு என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கையும் மருத்துவத்தின் கூறுகளாக வகுக்கிறது. இவற்றுள் மருந்து ஒன்றே பேசாதது. ஏனைய மூவரும் பேசுவோர். அவர்களுக்கிடையே பேச்சு பழுதுபட்டால் நல்ல மருந்தும் பயன்தராது.

1984ஆம் ஆண்டில் பெக்மன், ஃபிராங்கெல் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 74 மருத்துவச் சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தனர். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். வந்த காரணத்தை முழுமையாகச் சொல்லி முடிக்க வாய்ப்புப் பெற்றவர்கள் 23 விழுக்காட்டினரே. தமிழ் முதியவருக்கு இதனால் நேரும் இழப்பு பெரிது. தமிழ்த் தொடரில் முற்றுவினை இறுதியில் வருகிறது. ‘காலையில் எழுந்து, பசியாறி, மாத்திரை போட்டுவிட்டு, படியிறங்கும்போது’ என எச்சங்களை அடுக்கிச் செல்பவர், ‘மயங்கி விழுந்தேன்’ என்று முடிப்பதற்குள் குறுக்கிட்டால் நோயின் செய்தியே விடுபட்டுப்போகும்.

கேள்வி கேட்கும் முறையும் பதிலை மாற்றிவிடும். ஹெரிட்டேஜ், ராபின்சன் முதலிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ‘வேறு ஏதேனும் உண்டா?’ என்னும் பொருள்படும் ஆங்கிலக் கேள்வியை மருத்துவர்கள் இருவகையாகக் கேட்டனர். இரண்டிற்கும் வேறுபாடு ஒரே ஒரு சொல்தான். ‘இல்லை’ என்ற பதிலை நோக்கிய சொல் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ‘உண்டு’ என்ற பதிலை நோக்கிய சொல், பேசப்படாமல் போன குறைகளை 78 விழுக்காடு அகற்றியது. தமிழில் இவ்வேலையை ஓர் ஏகாரம் செய்துவிடுகிறது. ‘வேறு ஒன்றும் இல்லையே?’ என்று கேட்டால், மரியாதை தெரிந்த முதியவர் ‘இல்லை’ என்றே சொல்வார். ‘வேறு என்னென்ன சொல்ல நினைத்து வந்தீர்கள்?’ என்றால் மனம் திறப்பார். ஏகாரத்திற்குத் தொல்காப்பியர் கூறும் பொருள்களில் தேற்றமும் வினாவும் உண்டு என்பதைத் தேர்வுக்காகப் படிக்கும் மாணவர்கள், அது மருத்துவர் அறையிலும் உயிரோடு இயங்குவதை அறிய வேண்டும்.

அதுபோன்றதே ‘சரி’ என்னும் சொல். ‘புரிந்ததா?’ என்ற கேள்விக்குப் பெரியவர் ‘சரிங்க டாக்டர்’ என்கிறார். கேட்டேன், மதிக்கிறேன், இசைகிறேன், இனி விடைபெறலாம் ஆகிய அனைத்தும் அச்சொல்லில் அடங்கும். புரிந்தது என்பது அடங்காமலும் இருக்கலாம். ‘இம்மாத்திரையை எப்போது, எப்படிச் சாப்பிடப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்’ எனக் கேட்டு, அவர் வாயாலேயே சொல்லச் செய்வதே உறுதியான வழி.

இனி வலியைக் குறிக்கும் சொற்களுக்கு வருவோம். 1975இல் மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல், வலியின் தன்மையை விளக்கும் 78 சொற்களைக் கொண்டது. தமிழும் இதில் ஏழையன்று. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இழுப்பு, மதமதப்பு என ஒவ்வொன்றும் வெவ்வேறு உணர்வைச் சுட்டும். நீரிழிவுள்ள பாட்டி ‘பாதம் எரிகிறது, மதமதக்கிறது’ என்கிறார். உடன் சென்ற பேரன் அதைக் ‘கால் வலி’ என்று மட்டும் ஆங்கிலத்தில் பெயர்க்கிறான். நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம் என ஐயுறவேண்டிய மருத்துவர், மூட்டுவலி என்று எண்ண இடமுண்டு. உணர்விழந்த பாதத்தில் புண் வந்தால் பாட்டிக்குத் தெரியாது. கவனிக்கப்படாத புண் காலையே இழக்கும் நிலைக்கும் கொண்டுசெல்லலாம்.

பலதுறை மருந்தகங்களிலும் மருத்துவமனைகளிலும் நம் பிள்ளைகள் இவ்வாறு மொழிபெயர்ப்பாளர் ஆகின்றனர். வகுப்பில் ‘நீரிழிவு’ என்று எழுதுகிறோம். வீட்டில் ‘இனிப்பு நீர்’ என்றும் ‘சுகர்’ என்றும் பேசுகிறோம். மூன்றும் ஒன்றே என்று அறியாத பிள்ளை தடுமாறும். கடுமையான நோயென்றால் சுமை மேலும் கூடும். பாட்டி வருந்துவாரே என்று பேரன் செய்தியை மென்மையாக்கினால், தம் உடலைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் உரிமையை அவர் இழக்கிறார். பேரன் முன்னிலையில் சொல்லக் கூசும் செய்திகளும் அவருக்கு இருக்கலாம். ஆதலால் தமிழறிந்த தாதியோ பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரோ கிடைக்குமிடத்தில் அவர்களை நாடுவதே முறை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வாய்மொழிப் பயிற்சியில் ஒரு மாணவரை மருத்துவராகவும், ஒருவரைப் பாட்டியாகவும், ஒருவரை மொழிபெயர்ப்பவராகவும் பேசச் செய்யுங்கள். ‘எரிகிறது’ என்ற சொல் மறுமுனையில் ‘எரிகிறது’ என்றே சென்று சேர்ந்ததா என்று பாருங்கள். மாணவர்களே, வீட்டுப் பெரியவர்களிடம் வலிக்குரிய சொற்களைக் கேட்டுத் தொகுத்து வாருங்கள். தான் சொன்னது சொன்னபடியே சென்றது என்று அறியும்போதுதான் நோயாளிக்கு மருத்துவரிடம் நம்பிக்கை பிறக்கும். அந்நம்பிக்கையைக் காக்கும் ஆற்றல், நாம் கற்பிக்கும் தமிழுக்கு உண்டு.