கடையில் தந்த பில் சுங்கத்தில் செல்லுமா?



இந்த மாத ஒலி உரையின் எழுத்து வடிவம் இது. வெளிநாடு போய்விட்டு வரும்போது நாம் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் விலங்குப் பொருட்களைப் பற்றிப் பேசப் போகிறோம். தோல் பை, கொம்பு, பல், ஓடு, பவளம், சஃபாரி போன இடத்தில் வாங்கிய தோல் விரிப்பு என எதுவாகவும் இருக்கலாம்.

"அங்கே கடையில வெளிப்படையாத்தானே விக்கிறாங்க, பில்லும் தர்றாங்க, அப்புறம் என்ன தப்பு?" பலரும் கேட்கிற, நியாயமான கேள்விதான். பதில் இதுதாங்க: பில் என்பது நீங்கள் பணம் கொடுத்ததற்கான சான்று மட்டுமே. அந்தப் பொருளை நாட்டின் எல்லை தாண்டிக் கொண்டு வரலாம் என்பதற்கான அனுமதி அது அல்ல.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இலங்கையில் உரிமம் பெற்றுக் கடல் அட்டை பிடிக்கலாம், பண்ணையிலும் வளர்க்கிறார்கள். இந்தியாவிலோ 2001 முதல் கடல் அட்டை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளது. கொழும்பில் முறையாக வாங்கிய காய்ந்த கடல் அட்டைப் பொட்டலம், சென்னையில் இறங்கியதும் வழக்காக மாறலாம்.

வேட்டைக்கும் இதே கதைதான். கென்யாவில் 1977 முதல் வேட்டைக்குத் தடை. தென்னாப்பிரிக்கா, நமீபியா போன்ற நாடுகளில் உரிமம் பெற்றால் அனுமதி உண்டு. ஆனால் அந்த உரிமம் அந்த நாட்டு எல்லைக்குள்தான் செல்லும். சிங்கம், சிறுத்தை ஆகியவற்றின் தோல், நகம், பல், யானைத் தந்தம் இவற்றை வீட்டு வரவேற்பறையில் மாட்டி வைக்கலாம் என்று நினைத்துக் கொண்டுவர முடியாது. "இது ஆப்பிரிக்க யானைத் தந்தம், நம்ம ஊரு யானை இல்லையே" என்ற வாதமும் எடுபடாது. 1991 திருத்தத்திலேயே இறக்குமதித் தந்த வணிகத்துக்கும் தடை வந்துவிட்டது.

இதற்கெல்லாம் பின்னால் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கை இருக்கிறது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்கள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்த 1973-ல் வாஷிங்டனில் உருவானது. இந்தியா 1976-ல் இதில் சேர்ந்தது. 2022-ல் நம் வன உயிரினச் சட்டத்தைத் திருத்தி, சைட்டிஸ் விதிகளுக்கென்றே தனி அத்தியாயம் சேர்த்தார்கள். அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆக, இந்தியாவில் இல்லாத விலங்கின் பொருளும் இந்தச் சட்டத்துக்குள் வரலாம்.

வாங்கும் முன் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியவை:

• முதலை, மலைப்பாம்பு, உடும்புத் தோலில் செய்த பை, பெல்ட், பர்ஸ். பதப்படுத்தாத ஊர்வனத் தோலின் இறக்குமதிக்கு 2017 முதல் தடை உள்ளது.
• கடல் ஆமை ஓட்டில் செய்த வளையல், சீப்பு.
• பவளத் துண்டுகள், ராட்சதச் சிப்பி, காய்ந்த கடல் குதிரை.
• நல்ல பாம்பு ஊறிய மதுப் பாட்டில்.
• புலி எலும்பு, கரடிப் பித்தம், எறும்புத்தின்னிச் செதில் சேர்ந்ததாகச் சொல்லி விற்கும் மருந்துகள்.

சில நாடுகள் சொந்த உபயோகத்துக்குச் சின்ன அளவில் விலக்கு தருகின்றன. அதை இணையத்தில் படித்துவிட்டு, இங்கேயும் அப்படித்தான் என்று முடிவு செய்யாதீர்கள். விமானப் பயணிகளுக்கான வரியில்லாச் சலுகையும் இதற்குப் பொருந்தாது. தடை செய்யப்பட்ட பொருளுக்கு "வரி கட்டிடறேன் சார்" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

சரி, என்ன செய்யலாம்?

முதலில், கடைக்காரரிடம் இது எந்த விலங்கு என்று கேளுங்கள். அதன் அறிவியல் பெயரை வாங்கி, கைப்பேசியில் 'ஸ்பீசீஸ் பிளஸ்' தளத்தில் தேடினால் அது சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கட்டணம் கிடையாது. பெயரைச் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காமல் வருவதே நல்லது.

இரண்டாவது, பட்டியலில் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே சென்னையில் உள்ள வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவின் தென்மண்டல அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும். பதப்படுத்தாத தோல், கொம்பு என்றால் நோய்த் தடுப்புக்காகக் கால்நடைத் தனிமைப்படுத்தல் துறையின் அனுமதியும் தேவைப்படலாம். அதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, ஏற்கெனவே வாங்கியாயிற்று, விமானமும் ஏறியாயிற்று என்றால், இறங்கியதும் பச்சை வழியில் போகாதீர்கள். சிவப்பு வழியில் போய் உள்ளதைச் சொல்லுங்கள். சுங்கத்துறையின் 'அதிதி' செயலியில் முன்கூட்டியே அறிவிக்கவும் வசதி உண்டு. உண்மையாக அறிவித்த பொருளை நிறுத்தி வைத்து, நீங்கள் மீண்டும் நாட்டை விட்டுப் போகும்போது திருப்பித் தரும்படி கேட்கச் சுங்கச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அது அதிகாரியின் முடிவு. வன உயிரினப் பொருளுக்குக் கட்டாயம் கிடைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

மறைத்துக் கொண்டுவந்து பிடிபட்டால் பொருள் போகும், அபராதமும் வரும். வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஒரு பெல்ட்டுக்காக, ஒரு பல்லுக்காக இவ்வளவும் தேவையா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். "தம்பி, இந்தப் பையை மட்டும் சென்னையில குடுத்துடுங்க, எங்க அக்கா வந்து வாங்கிக்குவாங்க" என்று விமான நிலையத்தில் யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். உங்கள் பெயரில் வரும் பெட்டிக்குள் இருப்பதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். "எனக்குத் தெரியாது சார்" என்பதை நிரூபிக்க அலைய வேண்டியதும் நீங்கள்தான்.

நினைவுக்கு ஏதாவது வேண்டும் என்றால் மரச் சிற்பம், துணி, மணிமாலை என்று அந்த ஊர்க் கைவினைஞர்கள் செய்வது எவ்வளவோ இருக்கிறது. விலங்கைக் காட்டில் படமெடுத்து வாருங்கள். அந்தப் படத்துக்கு எந்தச் சுங்கத்திலும் அனுமதி தேவையில்லை.

வெளிநாடு கிளம்பும் உறவினருக்கு இந்தப் பக்கத்தை இன்றே அனுப்பிவையுங்கள். திரும்பி வந்தபின் படிப்பதைவிட, போவதற்கு முன் படிப்பதுதான் பயன்.