கிடைக்கு முன்னால் ஊர்ப் பேச்சு



"ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்" என்பார்கள் நம் பெரியவர்கள். ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் மக்கும். கிடை போட்டால் மூத்திரமும் வீணாகாமல் நேரே மண்ணில் இறங்கும். எரு அடிக்கிற வண்டிக் கூலியும் மிச்சம்.

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் மந்தையோடு நம் தஞ்சைப் பகுதிக்கு வருகிறார்கள். கோடையில் அங்கே மேய்ச்சல் குறைவு. இங்கே தரிசில் தாளும் புல்லும் கிடக்கிறது. ஆட்டுக்குத் தீனி, வயலுக்கு எரு. இரண்டு பேருக்கும் லாபம்தான்.

அப்புறம் சண்டை ஏன் வருகிறது? ஒருவர் வயல் தரிசாகக் கிடக்கும். பக்கத்து வரப்புக்காரர் உளுந்து தெளித்திருப்பார். கிடை பேசியது ஒருவர், ஆடு வாய் வைத்தது இன்னொருவர் பயிரில். கடைசியில் பேச்சு வாங்குவது கீதாரி.

ஆகவே, தனித்தனியாகக் கிடை பேசாதீர்கள். மந்தை வருவதற்கு முன்பே ஊர்ப் பொதுவில் உட்கார்ந்து நாலு விஷயம் முடிவு செய்யுங்கள்.

முதலாவது, வரிசை. தரிசு வயல்களில் முதலில் கிடை. உளுந்து பறித்த வயல்களில் பிறகு. அரை ஏக்கர், கால் ஏக்கர்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே கிடையை ராத்திரிக் கணக்கில் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, மந்தை போகிற வழியும் தண்ணீர் குடிக்கிற குளமும்.

மூன்றாவது, மருந்தடித்த வயல்கள். அவற்றைக் கீதாரிக்கு நேரில் காட்டிவிடுங்கள். யூரியா கரைத்த தண்ணீரைத் திறந்து வைக்காதீர்கள்; ஆட்டுக்கு அது விஷம்.

நாலாவது, கணக்கு. எத்தனை ஆடு, எத்தனை ராத்திரி, என்ன கூலி, பயிர் சேதமானால் என்ன ஈடு என்று நாலு பேர் முன்னிலையில் பேசிவிடுங்கள்.

ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள். போடவில்லையென்றால் கால்நடை மருந்தகத்துக்கு வழி காட்டுங்கள். நம் ஊர் ஆடுகளுக்கும் அதுதான் பாதுகாப்பு.

கிடை எழுந்ததும், ஈரம் இருந்தால் உடனே ஒரு மேலுழவு ஓட்டுங்கள். வெயிலில் கிடந்தால் தழைச்சத்து ஆவியாகிப் போகும். அடுத்த பயிருக்கு யூரியாவைக் குறைத்துப் போடுங்கள். வழக்கம்போலப் போட்டால் பயிர் கொழுத்துச் சாய்ந்துவிடும்.

மேட்டூர் அணை திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. அதற்குள் கிடை வேலை முடிய வேண்டும். இருக்கிற நாலைந்து மாதத்தைச் சண்டையில் கழிக்கலாமா? அடுத்த தையிலும் அதே கீதாரி உங்கள் ஊரைத் தேடி வருகிற மாதிரி நடந்துகொள்ளுங்கள்.