மாத்திரை மட்டும் போதுமா?

(சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘ஆரோக்கியத்தைப் பத்தி ஏதாவது பேசுங்க’ என்று செயலாளர் சொன்னார். யோகாசனம், இயற்கை உணவு பற்றிப் பேச ஆள் இருக்கிறார்கள். நான் காசநோய்ப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே டி.வி.எஸ். ஐம்பதில் அலைந்தவன். எனக்கு டி.பி. பற்றித்தான் பேசத் தெரியும்.

ஒரே மாத்திரை, ஒரே அளவு, ஒரே ஆறு மாதம். ஒருவர் குணமாகி வேலைக்குப் போகிறார். பக்கத்து ஊர்க்காரர் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி இருமிக்கொண்டு வருகிறார். மருந்து ஒன்றாக இருக்கும்போது முடிவு ஏன் இரண்டாகிறது? என் வேலைக்காலம் முழுவதும் இந்தக் கேள்வியோடுதான் போயிற்று.

‘படிக்காத சனங்க, சொன்னாப் புரியாது’ என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். இது தப்பு என்பது அறுபது வருடத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. பெங்களூர் தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் செய்த ஆய்வு 1963-ல் வெளிவந்தது. சளியில் கிருமி இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தாங்களாகவே வைத்தியம் தேடிப் போயிருந்தார்கள். அங்கே பலருக்கும் கிடைத்தது இருமல் மருந்துதான். சனங்கள் வந்தார்கள், நாம்தான் திருப்பி அனுப்பினோம்.

அதற்கும் முன்னால் நம் சென்னையிலேயே ஒரு பெரிய காரியம் நடந்தது. டி.பி. என்றால் சானடோரியத்தில் படுக்கை, பால், முட்டை, ஓய்வு என்று இருந்த காலம். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் (இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) 193 ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போனது. இன்னொரு பிரிவு நெருக்கடியான சொந்த வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே பலன். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானதும் உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கையில் கொடுத்த மருந்தெல்லாம் வயிற்றுக்குள் போவதில்லை என்று தெரிந்தது. கண் முன்னால் விழுங்க வைக்கும் முறை, பிற்பாடு ‘டாட்ஸ்’ என்று பெயர் வாங்கியது, இதிலிருந்து வளர்ந்ததுதான்.

சரி, ஏன் போவதில்லை? நம்ம கரிசல் காட்டுக்கு வாருங்கள்.

திருச்சுழிக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற ஒருவர். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, எடை ஏறியது. ‘அதான் தேறிருச்சே சார். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தா அன்னைக்குக் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு’ என்றார். அவர் கணக்கில் பிழையே இல்லை. கணக்கில் இல்லாதது, அடங்கிக் கிடக்கும் கிருமி மட்டும்தான்.

தறி நெய்கிற வீட்டுப் பெண் ஒருத்தி. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். என் வண்டி தெருவில் நின்றாலே அவள் அம்மா கதவைச் சாத்துவார். ‘அண்ணே, நீங்க வராதீங்க. ஊரு கேக்கும்ல?’ வீட்டுக்குள் அவளுக்குத் தட்டு தனி, டம்ளர் தனி. இந்த நோய் காற்றில் பரவுவது. தட்டில் ஒட்டி வருவதில்லை. இதை எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறேன். கடைசியில் அவளையே கேட்டேன், யார் கையால் மாத்திரை வாங்கிக்கிறே என்று. அங்கன்வாடி வேண்டாம், தெரு முழுக்கப் பார்க்கும் என்றாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருந்த ஒரு அக்காவைச் சொன்னாள். பூ வாங்கப் போகிற மாதிரி போய் விழுங்கிவிட்டு வருவாள். ஆறு மாதத்தில் ஒரு நாள் தவறவில்லை. நாங்கள் ஆளை நியமித்தபோது ஓடியவர்கள், அவர்களே ஆளைத் தேர்ந்தெடுத்தபோது நின்றார்கள். இது என் அனுபவம்.

சின்ன விஷயம் ஒன்று. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். முதல் நாளே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இதற்கு அரை நிமிடப் பேச்சு போதும்.

பசிக்கு மாத்திரை கிடையாது. ஜார்க்கண்டில் நோயாளியின் குடும்பத்தாருக்கும் சத்துணவு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வந்தது. வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. 2018-ல் அரசு மாதம் ரூ.500 ஊட்டச்சத்து உதவியாகத் தர ஆரம்பித்தது. 2024 நவம்பரிலிருந்து அது ரூ.1000. 2022-ல் தமிழகத்தில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ நோயாளியை முதல் நாளே எடை பார்த்து, மூச்சு எண்ணி, துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக மெலிந்தவர்களை உடனே படுக்கையில் சேர்க்கச் சொல்கிறது. நல்ல காரியம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். விடுதி அறையில் இருமிக்கொண்டு படுத்திருக்க வேண்டாம்.

தறிக்கூடமும் மில்லும் வைத்திருக்கிற நண்பர்கள் முன் வரிசையில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பம். முறையாக மருந்து சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களிலேயே பெரும்பாலோரிடமிருந்து தொற்றும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அவரை வேலையை விட்டு நிறுத்தினால் அடுத்த ஆள் நோயை மறைப்பார்; மறைத்து இருமுவது உங்கள் கூடத்துக்குள்தான். நம் வகுப்புத் தோழர் ஒருவர், பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், தன்னிடம் நெய்த ஒருவருடைய தறியை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். ‘மாத்திரையை முடிச்சுட்டு வாப்பா, தறி எங்கேயும் போகாது’ என்று சொல்லி அனுப்பினார். அந்த மனிதர் ஆறாவது மாதம் கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு, மறுநாள் காலையில் பாவு ஏற்ற உட்கார்ந்தார்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.