வகுப்பை அடக்கத் தெரியாத வாத்தியார்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"என்ன தலைப்பில் பேசப் போறீங்க?" என்று செயலாளர் போனில் கேட்டார். "லண்டன்ல ஒரு பப்புக்குப் போனதைப் பத்தி" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "பசங்க எல்லாம் வர்றாங்களே சார்" என்றார். பயப்படாதீர்கள். நான் அங்கே குடித்தது காபி. அதற்குச் சாட்சி இதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். மேடைக்கு வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறார். பெயரைச் சொல்லி மாட்டிவிடவும் கூடாது என்பது உத்தரவு.

2024-ஆம் வருடம் ஜூலை மாதம் லண்டன் போயிருந்தேன். என்னோடு 1978-இல் பி.எஸ்ஸி. வேதியியலில் சேர்ந்து, மூன்று வருடமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பன் அங்கே குடியேறி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவனும், அங்கே பள்ளி ஆசிரியையாக இருக்கும் அவன் மகளும் என்னை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் லெஸ்டர் ஸ்கொயர் வந்து சேர்ந்தோம். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் வேறு மாதிரி வாசிப்போம். வாய் 'லெஸ்டர்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். நடுவில் ஷேக்ஸ்பியர் சிலை. சுற்றிலும் பெரிய பெரிய சினிமா தியேட்டர்கள். நாடக டிக்கெட்டைத் தள்ளுபடியில் விற்கும் ஒரு கூண்டு. பக்கத்துத் தெருவில் சைனா டவுன். திருவிழாக் கூட்டம் என்றால் நமக்குத் தெரியும். ஆனால் தினமுமே திருவிழா என்பதை அங்கேதான் பார்த்தேன்.

பசி. ஒவ்வொரு ஓட்டல் வாசலிலும் விலைப்பட்டியல் வைத்திருந்தார்கள். நம்ம புத்தி எங்கே போகும்? ஒரு பவுன் நூறு ரூபாய்க்கு மேல் என்று மனசுக்குள் பெருக்கல் ஓடிக்கொண்டே இருந்தது. நண்பன் கண்டுபிடித்துவிட்டான். "டேய், பெருக்காதே. பெருக்கினா இந்த ஊர்ல தண்ணிகூடக் குடிக்க முடியாது. வா, நம்ம மாதிரி ஆளுங்க போற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

கூட்டிக்கொண்டு போன இடம் அந்தச் சதுக்கத்திலேயே இருக்கும் ஒரு பப். பெயர் 'தி மூன் அண்டர் வாட்டர்'. 'தண்ணீருக்கடியில் நிலா' என்று சொல்லலாம். பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். பொதுஜனத்துக்கான வீடு. வெதர்ஸ்பூன் என்ற கம்பெனி பிரிட்டன் முழுக்க நடத்தும் சுமார் 800 பப்களில் அதுவும் ஒன்று. பழைய சினிமாக் கொட்டகை, பாங்கு, தபால் ஆபீஸ் என்று பெரிய கட்டடங்களாகப் பிடித்து, உள்ளூர்ச் சரித்திரத்திலிருந்து ஒரு பெயர் எடுத்து வைத்து, மற்ற கடைகளைவிடக் குறைந்த விலையில் நிறைய விற்பதுதான் அவர்கள் தொழில். சின்ன ஊரில் இன்னும் மலிவாம். சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் இடத்தில் கொஞ்சம் கூடுதல். அப்படியும் அக்கம்பக்கத்துக் கடைகளோடு பார்த்தால் குறைவுதான்.

மாணவர்களுக்காக நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நீங்கள் போவீர்கள். என்னைப் போல முழிக்க வேண்டாம். உட்கார்ந்தால் யாரும் வந்து "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்பதில்லை. காலி மேஜையாகப் பார்த்து உட்கார்ந்து, அதன் நம்பரை ஞாபகம் வைத்துக்கொண்டு, கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுத்துவிட வேண்டும். கவுண்டரில் வரிசை கிடையாது. எல்லோரும் பக்கவாட்டில் நிற்கிறார்கள். யார் முதலில் வந்தது என்பது உள்ளே நிற்கிறவருக்கும் தெரிகிறது, வெளியே நிற்கிறவர்களுக்கும் தெரிகிறது. நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் இது நடக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். 2017-இலிருந்து செல்போன் ஆப்பிலும் சொல்லலாம். நண்பன் மகள் அப்படித்தான் சொன்னாள். சாப்பாட்டு விலைக்குள்ளேயே ஒரு பானமும் அடக்கம். நண்பனுக்கு மீன் வறுவலும் உருளைக்கிழங்கு சிப்ஸும், கூடவே பீர். எனக்குச் சிப்ஸும் காபியும். காபிக் கோப்பையை மெஷினில் நாமே திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளலாம் என்றாள். மூன்று தடவை நிரப்பினேன். நமக்குச் சொல்லியா தர வேண்டும்!

எனக்குப் பிடித்தது விலை மட்டுமல்ல. பாட்டு இல்லை. ரேடியோ இல்லை. மனுஷக் குரல் மட்டும்தான். பக்கத்து மேஜையில் பெட்டி படுக்கையோடு ஒரு குடும்பம், மேப்பை விரித்து வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு கிழவர் தனியாக, ஒரு கிளாஸ் பீரை வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். நாங்கள் இருந்த இரண்டு மணி நேரமும் அவரை யாரும் 'எழுந்திருங்க' என்று சொல்லவில்லை. எங்களையும்தான்.

"இந்தப் பேரு யார் வச்சது தெரியுமா?" என்று கேட்டான் நண்பன். "ஜார்ஜ் ஆர்வெல்."

ஆர்வெல் 1946 பிப்ரவரியில் ஒரு லண்டன் பத்திரிகையில் தனக்குப் பிடித்த பப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ரேடியோவும் பியானோவும் இல்லாமல் பேச்சு காதில் விழ வேண்டும், பரிமாறுகிறவர்களுக்கு வருகிறவர்களின் பெயர் தெரிந்திருக்க வேண்டும், பின்னால் குழந்தைகளோடு உட்காரத் தோட்டம் வேண்டும் என்று பத்து லட்சணங்களைச் சொல்லிவிட்டு, கடைசியில் அப்படி ஒரு பப்பே கிடையாது என்று போட்டு உடைத்தார். அந்தக் கற்பனைப் பெயர்தான் 'தி மூன் அண்டர் வாட்டர்'. அதை இவர்கள் எடுத்து நிஜக் கடைக்கு வைத்துவிட்டார்கள். பத்தில் எத்தனை தேறும் என்று கணக்குப் போட்டோம். தோட்டம் இல்லை. அந்தக் கூட்டத்தில் யாருக்கு யார் பெயர் தெரியும்? பெயருக்குப் பதில் டேபிள் நம்பர். ஆனால் பேச்சு காதில் விழுந்தது. அதற்கு முழு மார்க் போட்டேன்.

ஆர்வெல் என்றதும் நண்பன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் பேச்சை மாற்றினோம். காரணம் பின்னால் சொல்கிறேன்.

"சரி, வெதர்ஸ்பூன்ங்கிறது யாரு? முதலாளியா?" என்றேன்.

"முதலாளி பேரு டிம் மார்ட்டின். வெதர்ஸ்பூன் அவரோட வாத்தியார். 'நீ உருப்படவே மாட்டே'ன்னு திட்டினாராம். அந்த ரோஷத்துல இவர் ஊரெல்லாம் கடையைத் திறந்து வாத்தியார் பேரையே வச்சிட்டாராம்" என்றான் நண்பன். எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நம் சினிமாவுக்கு ஏற்ற கதை.

"இல்ல அங்கிள், அது கட்டுக்கதை" என்றாள் மகள். "அப்பா எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்றாரு."

அவள் சொன்னதை ஊர் திரும்பிய பிறகு நானும் படித்துப் பார்த்தேன். டிம் மார்ட்டின் சட்டம் படித்தவர். 1979-இல் வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் என்ற இடத்தில் முதல் பப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 24 வயது. கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. அப்போது சின்ன வயதில் நியூசிலாந்தில் தனக்குப் பாடம் எடுத்த ஒரு வாத்தியார் ஞாபகம் வந்தது. ரொம்ப நல்ல மனுஷர். அந்த வகுப்பை மேய்க்க முடியாத அளவுக்கு நல்லவர். அவரால் வகுப்பை அடக்க முடியவில்லை, என்னால் பப்பை அடக்க முடியவில்லை என்று நினைத்து அவர் பெயரையே வைத்தார். இதை அவரே சொல்லியிருக்கிறார். ரோஷமும் இல்லை, பழிவாங்கலும் இல்லை.

"கிளாஸை அடக்க முடியாம நிக்கிறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும் அங்கிள். முதல் வருஷம் வீட்டுக்கு வந்து அழுதிருக்கேன்" என்றாள் அந்தப் பெண். அவள் அப்பாவுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். அவன் கையிலிருந்த கிளாஸை மெதுவாக மேஜையில் வைத்தான்.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

1978-இல் எங்களுக்குப் பொது ஆங்கிலம் எடுக்க ஒரு இளம் விரிவுரையாளர் வந்தார். மூன்று பிரிவை ஒன்றாகச் சேர்த்துக் கேலரி ஹாலில் உட்கார வைத்திருப்பார்கள். தொண்ணூறு பேருக்குக் குறையாது. அவர் குரலோ இரண்டாவது பெஞ்சைத் தாண்டாது. உரைநடைப் புத்தகத்தில் ஒரு பாடம், ஆர்வெல் எழுதிய யானைக் கட்டுரை. 'ஷூட்டிங் அன் எலிஃபண்ட்'. அவர் தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஒரு யானை பிளிறியது. ஹால் அதிர்ந்தது. அப்புறம் பத்து யானை, இருபது யானை.

அவர் கோபப்படவில்லை. சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு, "முடிஞ்சதும் சொல்லுங்கப்பா, ஆரம்பிக்கலாம்" என்றார். அதற்கும் சிரிப்பு. வராந்தாவில் வந்துகொண்டிருந்த அன்றைய பிரின்சிபால் உள்ளே நுழைந்தார். "யார் முதலில்? பெயரைச் சொல்லுங்கள், இன்றைக்கே டி.சி." என்றார். எங்கள் சார் ஹாலை ஒரு தடவை பார்த்தார். எங்கள் பெஞ்சில் அவர் கண் ஒரு நிமிஷம் நின்றது. "எனக்குத் தெரியலை சார்" என்றார். ஒரு வகுப்பைக் கட்டி மேய்க்கத் தெரியாதா என்று அத்தனை பேர் முன்னால் அவருக்குத்தான் திட்டு விழுந்தது. அவர் தலை குனிந்து நின்றார். வருடக் கடைசியில் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

முதல் யானை நான்தான். உசுப்பிவிட்டவன், இப்போது லண்டனில் இருப்பவன். நான் ஸ்காலர்ஷிப்பில் படித்தவன். அன்றைக்கு டி.சி. வாங்கியிருந்தால் இந்த மேடை ஏது, லண்டன் ஏது?

அந்தக் கட்டுரையை அன்றைக்கு நான் காதில் வாங்கவில்லை. நோட்ஸைப் படித்துப் பாஸ் செய்தவன். லண்டனிலிருந்து வந்த பிறகு, 46 வருடம் கழித்து, முழுசாகப் படித்தேன். பீகாரில் மோத்திஹாரியில் பிறந்த ஆர்வெல், பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த காலத்துக் கதை. மதம் பிடித்த யானை ஒன்று ஒரு ஆளைக் கொன்றுவிடுகிறது. துப்பாக்கியோடு இவர் போய்ச் சேரும்போது அது அமைதியாகப் புல் தின்றுகொண்டிருக்கிறது. சுட வேண்டிய அவசியமே இல்லை. சுட இஷ்டமும் இல்லை. ஆனால் பின்னால் இரண்டாயிரம் பேர் வேடிக்கை பார்க்க நிற்கிறார்கள். சுடாவிட்டால் சிரிப்பார்களே என்பதற்காகச் சுடுகிறார். நான் பிளிறியதும் அதற்குத்தான். எனக்கு அந்தச் சார் மேல் ஒரு கோபமும் கிடையாது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

விசாரித்து அவர் முகவரியைக் கண்டுபிடித்தேன். நல்லபடியாக இருக்கிறார், வயது எழுபத்தைந்துக்கு மேல். போன டிசம்பரில் அவர் வீட்டுக்குப் போனேன். குரல் இன்னும் தணிந்திருந்தது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் கேட்க முடிந்தது. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொல்லி முடித்தேன். "சார், அந்த யானை நான்தான் சார்" என்றேன்.

அவர் யோசித்தார். "அப்படி எதுவும் எனக்கு ஞாபகம் இல்லையேப்பா. நீங்க எல்லாம் நல்ல பசங்க. கெமிஸ்ட்ரி பசங்க கையெழுத்து நல்லா இருக்கும்" என்றார். அப்புறம் காபி வந்தது. பேத்தி படிப்பைப் பற்றிப் பேசினோம்.

உண்மையிலேயே மறந்துவிட்டாரா, இல்லை மறந்ததாகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. 'எனக்குத் தெரியலை சார்' என்று அன்றைக்குப் பிரின்சிபாலிடம் சொன்னபோதும் அவர் முகம் இப்படியேதான் இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவன், வாங்காமலேயே திரும்பி வந்தேன்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் இப்படி ஒருவர் வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பார். இரண்டாவது பெஞ்சைத் தாண்டாத குரலில், நீங்கள் சிரித்து முடிக்கும்வரை காத்துக்கொண்டிருப்பார். நாளைக்கு ஒரு மணி நேரம் அவர் சொல்வதைக் கேளுங்கள். என்னைப் போல 46 வருடம் கழித்து நோட்ஸ் இல்லாமல் படிக்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

நண்பர்களே, டிம் மார்ட்டின் தன் வாத்தியார் பெயரைக் கடைவாசலில் எழுதினார். நாங்கள் இருவரும் கடை எதுவும் திறக்கப் போவதில்லை. சாரின் சம்மதம் கிடைத்தால், பொது ஆங்கிலத்தில் நன்றாக எழுதும் வேதியியல் மாணவருக்கு அவர் பெயரில் வருடாவருடம் ஒரு பரிசு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். கேட்டு எழுதியிருக்கிறேன். "என் பேரு எதுக்குப்பா?" என்று ஒரு போஸ்ட் கார்டு வந்திருக்கிறது. திரும்பவும் எழுதுவேன்.

அதுவரை அவர் பெயரை இந்த மேடையில் நான் சொல்லக் கூடாது. ஆனால் இந்த மலரின் ஒரு பிரதியை அவருக்கு அனுப்பி வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த யானை அவருக்கு ஞாபகம் வரட்டும், வராமலே போகட்டும். எழுத்தில் இருக்கட்டும்.