விலைக்கு வரும் இணையதளமும் வில்லங்கச் சோதனையும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் சங்கத்தின் உதவியால் படித்து இன்று ஊதியம் பெறும் இளைஞர்கள் சிலர், தம் சேமிப்பைக் கொண்டு, பிறர் நடத்திவரும் இணையதளத்தையோ பெயர்பெற்ற இணையப் பெயரையோ விலைக்கு வாங்கித் தொழில் செய்யலாமா என்று வினவுகின்றனர். நியாயமான வினாவே. கடைக்கு இடம் கேட்டால் சாதி கேட்கும் தெருக்கள் இன்றும் உள்ளன. இணையக் கடைக்கு வருபவர் முதலாளியின் தெருவை விசாரிப்பதில்லை.

எனினும், வாங்கும் பொருள் யாது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். 'டொமைன்' எனப்படும் இணையப் பெயர் குத்தகை போன்றது. 1998ஆம் ஆண்டு தோன்றிய 'ஐகேன்' அமைப்பின் விதிப்படி, 'டாட் காம்' பெயரை ஒரே முறையில் பத்தாண்டுகளுக்கு மேல் பதிய இயலாது. புதுப்பிக்கத் தவறினால், சலுகைக் காலமும் 30 நாள் மீட்புக் காலமும் கழிந்தபின் அது பிறர் கைக்குப் போய்விடலாம். 1892ஆம் ஆண்டின் ஆணைவழி நமக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள், விற்கத் தடை இருந்தும் கைமாறிய வரலாற்றை நாம் அறிவோம். ஆவணத்தில் எவர் பெயர் உள்ளது என்று பார்ப்பதன் அருமையை நமக்கு வேறெவரும் போதிக்க வேண்டுவதில்லை.

இனி விலையைப் பார்ப்போம். 'பிசினஸ் டாட் காம்' என்னும் பெயர் 1997இல் ஒன்றரை லட்சம் டாலருக்கும், 1999இல் 75 லட்சம் டாலருக்கும் விலைபோயிற்று. அப்பெயரில் வளர்ந்த நிறுவனத்தை 2007இல் ஏறத்தாழ 34 கோடி டாலருக்கு வாங்கிய ஆர்.எச். டானெல்லி நிறுவனம், கடன் சுமை தாங்காது 2009இல் திவால் பாதுகாப்புக் கோரிற்று. 2005இல் 58 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட 'மைஸ்பேஸ்' தளம், 2011இல் சுமார் மூன்றரைக் கோடிக்கே விற்கப்பட்டது. பெயர் அப்படியே இருந்தது. மக்கள் வேறிடம் சென்றுவிட்டனர். வருகின்ற மக்களே தளத்தின் மதிப்பு என்பது இதனால் விளங்கும்.

இத்தகைய தளங்களை மாத நிகர வருவாயின் மடங்காகக் கணக்கிட்டு விற்பது வழக்கம். மாதம் 10,000 ரூபாய் தரும் தளத்தை 30 மடங்கில் வாங்கினால் விலை மூன்று லட்சம். வருவாய் குன்றாதிருப்பின் முதல் திரும்ப இரண்டரை ஆண்டு ஆகும். பாதியாகக் குறைந்தால் ஐந்தாண்டு ஆகும். விற்பவர் காட்டும் படத்தை நம்பாது, வங்கிக் கணக்கையும் வருகைப் பதிவையும் குறைந்தது ஓராண்டுக்கு நேரில் பார்த்தல் வேண்டும்.

நிலத்துக்கு வில்லங்கச் சான்று கேட்பது போன்றே, தளத்தின் முன்வரலாற்றையும் ஆராய்க. 'வேபேக் மெஷின்' என்னும் இணையக் காப்பகத்தில் பழைய பக்கங்களைக் காணலாம். காலாவதியான பெயரின் பழம்புகழைக் கொண்டு பயனற்ற பக்கங்களைத் தேடலில் உயர்த்துவதை, கூகுள் நிறுவனம் 2024இல் முறைகேடு என அறிவித்தது. பிறருடைய வணிகப் பெயரை ஒத்த பெயரையும் தவிர்க்க. இணையப் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டென நம் உச்ச நீதிமன்றம் 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. பதிவுக் கணக்கு கைக்கு வரும்வரை பணம் நம்பகமான இடைநிலையாளரிடமே இருத்தல் வேண்டும்.

கடன் பெற எண்ணுவோர்க்கு மற்றொன்று. 2016இல் தொடங்கப்பட்ட 'ஸ்டாண்ட் அப் இந்தியா' திட்டம், பட்டியல் சாதியினர் உள்ளிட்டோர் புதிதாய்த் தொடங்கும் தொழிலுக்கே கடன் என வகுத்திருந்தது. நடக்கும் தொழிலை வாங்குவது வேறு. ஆதலின் எத்திட்டமாயினும் அதன் விதியை முன்பே படித்தறிக.

இறுதியாக, சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். நம்மிடையே இன்று வழக்கறிஞர்கள் உள்ளனர், கணக்காளர்கள் உள்ளனர், கணினி கற்றோர் உள்ளனர். அவர்களைக் கொண்டு சிறு ஆய்வுக் குழு ஒன்றை அமைத்து, நம் இளைஞர் முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே ஆவணங்களைச் சோதித்துத் தருவோமாக. ஒரு தலைமுறை கூலி வேலை செய்து படிக்க வைத்த பிள்ளையின் முதற் சேமிப்பு, ஒரே கையொப்பத்தில் கரைந்துவிடலாகாது. கற்ற கல்வி அந்தக் கையொப்பத்திற்கு முன்னர்ப் பயன்படட்டும்.

வாழிய நம் சங்கம்! வளர்க அதன் தொண்டு!