வரிசையில் போகாத அப்பா



ஞாயிற்றுக்கிழமை காலையில் சிராங்கூன் வட்டாரத்தில் சற்று நடந்து பாருங்கள். ஓஃபிர் சாலையில் லூர்து மாதா ஆலயம், தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் எழுந்தது. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை. டோர்செட் சாலையில் ஆங்கிலிக்கன் சபையின் கிறைஸ்ட் சர்ச். மூன்றிலும் தமிழ் ஒலிக்கிறது. மூன்றும் தனித்தனி.

எங்கள் வீட்டில் அம்மா கத்தோலிக்கர், அப்பா ஆங்கிலிக்கன். அம்மாவைப் பெற்ற பாட்டி இறந்தபோது, அடக்கத் திருப்பலியில் நற்கருணை வாங்க நாங்கள் எல்லாரும் வரிசையில் போனோம். அப்பா மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசி மூன்று ஆண்டுகள் பாட்டிக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்தவர் அவர்தான். ஆனாலும் அது திருச்சபையின் ஒழுங்கு. யார் மீதும் குற்றமில்லை.

இருவர் சொல்லும் விசுவாச அறிக்கையும் ஒன்றே. அப்பா பெற்ற ஞானஸ்நானம் செல்லும் என்று கத்தோலிக்கத் திருச்சபையே ஏற்கிறது. பலிபீடம், அங்கி, ஆயர்கள் எல்லாம் இரு பக்கமும் உண்டு. பிறகு ஏன் பிரிவு?

போப்பாண்டவரின் அதிகாரம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். அது உண்மைதான். ஆனால் அதற்குள்ளே இன்னொரு முடிச்சு இருக்கிறது.

1896இல் போப்பாண்டவர் 13ஆம் லியோ, ஆங்கிலிக்கன் குருப்பட்டங்கள் அறவே செல்லாதவை என்று அறிவித்தார். 1966இல் ஆறாம் பவுல், ரோமாபுரிக்கு வந்த கேன்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சிக்குத் தம் மோதிரத்தையே அணிவித்தார். மோதிரம் கைமாறியது, தீர்ப்பு மாறவில்லை. 2009இல் 16ஆம் பெனடிக்ட் ஒரு வாசலைத் திறந்தார். ஆங்கிலிக்கன்கள் தங்கள் வழிபாட்டு மரபோடு குழுவாகவே வந்து சேரலாம் என்றார். வந்தவர்கள் சிறு தொகையினரே. வந்த குருமார்கள் மறுபடியும் பட்டம் பெற வேண்டியிருந்தது.

அப்பாவிடம் கேட்டேன். “நான் மாறினால், என் அப்பாவை அடக்கம் செய்த குருவானவர் குருவே அல்ல, ஐம்பது வருஷமாக நான் வாங்கிய திருவிருந்து வெறும் அப்பம் என்று கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடாதா?” என்றார்.

அம்மாவிடமும் கேட்டேன். “ஒன்றாகாமலே ஒன்றாகிவிட்டோம் என்று பீடத்தின் முன்னால் நடிக்கலாமா?” என்றார். இரண்டுமே நேர்மையான பதில்கள்.

1995இல் இரு தரப்பினரும் கூடித் தமிழ் விவிலியத்தைப் பொது மொழிபெயர்ப்பாகக் கொண்டுவந்தார்கள். அம்மாவிடம் அது இருக்கிறது. அப்பா இன்னமும் பழைய மொழிபெயர்ப்பைத்தான் விரிக்கிறார். எழுத்துக்கூட்டிப் படிக்க அவருடைய அம்மா கற்றுக்கொடுத்தது அதில்தானாம்.

இந்த முடிச்சை அவிழ்க்கவே முடியாதா? சென்னையில் ஒருமுறை ஓரளவு அவிழ்த்தார்கள். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடீரியன், காங்கிரிகேஷனல் மரபினர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். இனி ஆயர்களே பட்டம் கொடுப்பார்கள். ஆனால் ஏற்கெனவே பணியில் இருக்கும் போதகர்கள் மறுபட்டம் பெற வேண்டியதில்லை என்று முடிவு செய்தார்கள். தம் பழைய ஊழியம் பொய் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த ஏற்பாடே வேறு சிலருக்கு உறுத்தியது. கத்தோலிக்க மரபை இறுகப் பற்றிய ஆங்கிலிக்கன்கள் சிலர் சேர மறுத்தார்கள். ஆந்திராவின் நந்தியால் பகுதியில் பலர் அப்போது வெளியே நின்றார்கள். ஆயர் கைவைத்துப் பட்டம் கொடுக்காதவர் எப்படிக் குருவாவார் என்பது அவர்கள் கேள்வி. ரோமாபுரி அவர்களிடம் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய அதுதான்!

ஆகவே நேயர்களே, இப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்த்து, “எல்லாம் ஒன்றுதானே, ஏன் பிடிவாதம்?” என்று கேட்டுவிடாதீர்கள். கொள்கைகள் நெருங்கி வரலாம். ஆனால் விசுவாசத்தை ஊட்டி வளர்த்தவர்களைத் தள்ளிவிட்டு வா என்றால், மனிதர் நகரத் தயங்குவார்.

அடுத்த மாதம் பாட்டிக்கு நினைவுத் திருப்பலி. அப்பா வருவார், பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். சென்ற முறை நான் திரும்பி வந்து வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். இந்த முறை அவர் பக்கத்தில் உட்காருவேன்.